ஊருக்கெல்லாம் பூட்ஸ் தைக்கிறோம்... காருக்கு?

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



ஆம்பூர் கடைத்தெருவில் போய் "பூட் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். "என்ன சைஸ் தம்பி, எட்டா ஒன்பதா?" என்பார்கள். "காலுக்கு இல்ல பாய், காருக்கு" என்று சொன்னால் சிரித்துவிட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பக்கம் கை காட்டுவார்கள். ராணிப்பேட்டையில் ஆரம்பித்து வாணியம்பாடி வரைக்கும் பாலாற்றங்கரை ஓரமாகத் தோலை நம்பிப் பிழைக்கிற ஊர்கள் நம்முடையவை. 2019-ல் ஒரே வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆனாலும் தோல் வாசனையும் ஷூ கம்பெனி சங்கும் மூன்று மாவட்டத்துக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது. உலகத்துக் கால்களுக்கெல்லாம் பூட்ஸ் தைத்து அனுப்புகிற நாம், நம்மை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்கு உள்ள பூட்டைக் குனிந்து பார்ப்பதே இல்லை. இதுதான் என் புகார். மலரில் மற்ற நண்பர்கள் காதல் கவிதையும் நகைச்சுவைத் துணுக்கும் எழுதியிருப்பார்கள். நான் கிரீஸைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்தருள்க!

சிவில், எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். வண்டியின் முன்சக்கரம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஸ்டீரிங்கைத் திருப்பினால் இடம் வலமாகத் திரும்ப வேண்டும். பள்ளத்தில் இறங்கினால் மேலும் கீழும் போக வேண்டும். இப்படி எல்லாப் பக்கமும் அசைய, நம் தோள்பட்டையில் இருப்பது போல ஒரு மூட்டு தேவை. ஒரு இரும்புக் குண்டு, அது உட்கார ஒரு கிண்ணம். இதுதான் பால் ஜாயின்ட். ஸ்டீரிங் பக்கம் இருந்தால் அதற்கு டை ராட் எண்ட் என்று பெயர். கிண்ணத்துக்குள்ளே பிளாஸ்டிக் லைனரும் கிரீஸும் இருக்கும். அந்தக் கிண்ணத்தின் வாயை மூடிக்கொண்டு, கட்டை விரல் அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் குல்லாய் இருக்கும். அதுதான் பூட். மெக்கானிக் அண்ணன்கள் சிலர் டஸ்ட் கவர் என்றும் சொல்வார்கள். இதற்கு அண்ணன் தம்பிகள் உண்டு. ஸ்டீரிங் ராக்கின் இரண்டு முனையிலும் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருப்பது ராக் பூட். முன்சக்கரம் இழுக்கிற கார்களில் ஆக்சிலின் சி.வி. ஜாயின்ட்டை மூடியிருப்பது ஆக்சில் பூட்.

இந்த ரப்பர் எந்த எடையையும் தாங்குவதில்லை, எதையும் இழுப்பதில்லை, தள்ளுவதில்லை. உள்ளே இருக்கிற கிரீஸ் வெளியே போகக்கூடாது, வெளியே இருக்கிற மண்ணும் தண்ணியும் உள்ளே வரக்கூடாது. வாட்ச்மேன் வேலை, அவ்வளவுதான். அதனால்தான் அது கிழிந்த அன்றைக்கு யாருக்கும் தெரிவதில்லை. டயர் பஞ்சரானால் தெருவே வேடிக்கை பார்க்கும். பிரேக் பிடிக்காவிட்டால் டிரைவர் சத்தம் போடுவார். பூட் கிழிந்தாலோ வண்டி நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். அடுத்த வாரமும் ஓடும். ஆபத்து இருப்பதே இந்த "ஓடும்" என்ற வார்த்தையில்தான் என்பது என் தாழ்மையான கருத்து.

லேபில் வால்வ் லேப்பிங் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வால்வ் முகத்தில் ஒரு பேஸ்ட்டைத் தடவி, கையில் குச்சியை வைத்து உருட்டு உருட்டு என்று உருட்டினோம். இரும்பை இரும்பு தின்பதற்கு அந்த பேஸ்ட்தான் காரணம். கொஞ்சம் எண்ணெய்ப்பசை, கொஞ்சம் கூர்மையான பொடி. கிழிந்த பூட் வழியாகத் தெருமண் போய் கிரீஸோடு சேர்ந்தால் உள்ளே உருவாவதும் அதே சரக்குதான். ஒரு வித்தியாசம் உண்டு. நாம் பத்து நிமிஷம் தேய்த்தோம். வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் தேய்க்கிறது.

நம் ஊருக்கு இதில் ஒரு தனிப் பிரச்சினையும் உண்டு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வருகிறது. அந்தத் தோலை ஏற்றி வருகிற மினி லாரியின் பின்னால் சைக்கிளில் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணி ரோட்டில் ஒழுகிக்கொண்டே போகும். உப்புத் தண்ணிக்கும் இரும்புக்கும் உள்ள உறவை ஒன்பதாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். பூட் முழுசாக இருந்தால் அந்தத் தண்ணி வெளியே வழிந்து போய்விடும். கிழிந்திருந்தால் பளபளப்பான குண்டின் மேல் உட்கார்ந்து துருப்பிடிக்க வைத்து, அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக்கிவிடும். அப்புறம் அந்தக் குண்டே அரம் ஆகி லைனரைச் சுரண்டும். இதோடு நம்ம வேலூர் வெயில் வேறு! மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில், நாளெல்லாம் கம்பெனி வாசலில் வெயிலில் நிற்கிற வேனின் ரப்பர் எத்தனை வருஷம் மிருதுவாக இருக்கும்? சூடும் காற்றில் உள்ள ஓசோனும் சேர்ந்து ரப்பரை முதலில் மடிப்புகளில்தான் வெடிக்க வைக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. மடிப்பை விரலால் விரித்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மோட்டார் கார் வந்த ஆரம்ப காலத்தில் இந்த மூட்டுகளுக்கு ரப்பர் பூட் கிடையாது. தோல் உறைதான்! தோலை வெட்டித் தைத்து, உள்ளே கிரீஸை அடைத்து, ஷூவுக்குக் கட்டுவது போலவே லேஸ் போட்டுக் கட்டினார்கள். பூட் என்று பெயர் வைத்ததும் பொருத்தம்தான். 1931-ல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரை அறிவித்தது. எண்ணெய் பட்டால் சாதாரண ரப்பர் அளவுக்கு ஊறிப் போகாத ரப்பர் அது. தோலுக்கு அங்கே வேலை போனது. இல்லாவிட்டால் ஸ்டீரிங் பூட் தைக்கிற கம்பெனி ஒன்று இன்றைக்குப் பேரணாம்பட்டில் இருந்திருக்குமோ என்னவோ!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "எங்க காலத்துல யாருப்பா பூட் பாத்தான்? வண்டி ஓடலையா?" என்று பெரிய மெக்கானிக்குகள் கேட்பது உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. அம்பாசடர் மாதிரி பழைய வண்டிகளில் முன்பக்க மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள் இருந்தது. சர்வீஸுக்கு வந்தால் பையன் கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போவான். புது கிரீஸ் உள்ளே போகப் போக, அழுக்கான பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும். பூட் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் மாதா மாதம் மூட்டு கழுவப்பட்டது மாதிரிதான். அந்த நிப்பிள் பல தவறுகளை மன்னித்தது. அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது. ஆனால் அந்த அம்பாசடர் புத்தி இன்னும் ஒர்க் ஷாப்பை விட்டுப் போகவில்லை. இப்போது வருகிற பெரும்பாலான கார்களில் மூட்டுக்கு நிப்பிள் கிடையாது. கம்பெனியில் ஒரு தடவை கிரீஸ் வைத்து மூடியதோடு சரி, ஆயுளுக்கும் அதுதான். அந்த ஆயுள் எவ்வளவு என்பதை முடிவு செய்வது பூட் மட்டுமே. நிப்பிள் போன பிறகுதான் பூட்டின் மதிப்பு பல மடங்கு கூடியது. நம் கவனமோ அதற்குத் தகுந்தபடி கூடவில்லை.

ஆக்சில் பூட் கதையும் இதே தான். ஆல்பிரெட் ரெப்பா என்பவர் 1920-களில் கண்டுபிடித்த குண்டு வைத்த சி.வி. ஜாயின்ட், 1959-ல் இங்கிலாந்தில் வந்த மினி காரால் சாதாரண ஜனங்களின் வண்டிக்கு வந்தது. நம் நாட்டில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 அதைத் தெருவுக்குத் தெரு கொண்டு வந்தது. சக்கரத்தின் உள்பக்கம் ரிம்மில் கறுப்பாக கிரீஸ் சிதறியிருந்தால் ஆக்சில் பூட் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்திலேயே பார்த்தால் சில நூறு ரூபாய் பூட் கிட்டோடு போகும். ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்று சத்தம் கேட்கும் வரை விட்டால் பல ஆயிரம் ரூபாய்க்கு ஆக்சில். இது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். காரணம், ஆக்சில் பூட் கிரீஸைச் சிதறடித்துத் தானே காட்டிக் கொடுக்கிறது. பால் ஜாயின்ட் பூட் வாய் திறக்காது. ஆளைக் கவிழ்ப்பதும் அதுதான்.

எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற ஒரு வேன். கம்பெனி பெயர், ஓனர் பெயர் எதுவும் வேண்டாம். இந்தக் கதை எந்த வேனுக்கும் பொருந்தும். போன வருஷம் ஒரு சாயங்காலம், பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி, பைபாஸை விட்டு சர்வீஸ் ரோட்டில் இறங்கி, ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது இடது முன்சக்கரத்தின் கீழ் பால் ஜாயின்ட் கழன்றது. சக்கரம் காலை அகட்டியது போல வெளியே சாய்ந்து வண்டி தரையில் உட்கார்ந்தது. உள்ளே பதினாலு பெண்கள். அதில் என் அம்மாவும் ஒருவர். மெதுவாகப் போனதால் யாருக்கும் அடியில்லை. அதே ஜாயின்ட் ஐந்து நிமிஷம் முன்னால், பைபாஸில், பின்னால் டிரெய்லர் லாரி வந்துகொண்டிருக்கும்போது கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

மறுநாள் ஒர்க் ஷாப்பில் அந்த ஜாயின்ட்டைப் பார்த்தேன். பூட் இருந்த இடத்தில் ஒரு ரப்பர் கந்தல். உள்ளே ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. மிளகாய்த்தூள் நிறத்தில் துரு. உருண்டையாக இருக்க வேண்டிய குண்டு ஒரு பக்கம் தேய்ந்து, சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி இருந்தது. இது ஒரே நாளில் நடந்ததில்லை. டிரைவர் அண்ணனைக் கேட்டபோது ஒரு விஷயம் சொன்னார். இரண்டு மாசம் முன்னால் ஆயில் மாற்றும்போதே மெக்கானிக் பார்த்திருக்கிறார். போனில் ஓனரிடம் "சார், பூட்டு போயிருச்சி, மாத்தணும்" என்று சொல்லியும் இருக்கிறார். ஓனர் கதவுப் பூட்டு என்று நினைத்துக்கொண்டு, "இப்போதைக்குக் கயிறு கட்டி ஓட்டச் சொல்லு" என்றாராம்! நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஆனால் சிரிக்கிற விஷயமா அது?

அம்மாவிடம் அந்த ரப்பரைக் காட்டினேன். "இத்தினூண்டு ரப்பரா?" என்றார். அவர் வேலை செய்வது செக்கிங் டேபிளில். "ஒரு தையல் உட்டுப்போச்சின்னாகூட நாங்க அந்த ஜோடியையே தள்ளிடுவோம். வெளிநாட்டுக்காரன் கால்ல போடறது. இத்த யாருப்பா பாக்கறது?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. யாரோ ஒருவர் காலில் போடப்போகிற பூட்டை நாலு பேர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கிற பெண்களைச் சுமந்து போகிற வண்டியின் பூட்டைப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

யார் மேல் குற்றம் சொல்வது? மெக்கானிக் மேல் மட்டும் சொல்ல எனக்கு மனசில்லை. அவர் பக்கமும் நியாயம் உண்டு. பூட் விலை கம்மி. ஆனால் அதை மாற்ற ஜாயின்ட்டைக் கழற்றி மாட்ட வேண்டும். லேபர் ஏறக்குறைய ஒன்றுதான். "நூறு ரூபாய் ரப்பருக்கு இவ்வளவு கூலியா?" என்று ஓனர் சண்டைக்கு வருவார். பல கார்களுக்கு கம்பெனி பார்ட்ஸ் புத்தகத்தில் பூட் தனியாகவே கிடையாது. ஜாயின்ட் மட்டும்கூடக் கிடையாது, ஆர்ம் முழுசாக வாங்கு என்கிறார்கள். முழு ஆர்ம் விலையைக் கேட்டதும் ஓனர் "அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். கடைசியில் பூட்டும் மாறுவதில்லை, ஆர்மும் மாறுவதில்லை. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, கட்டுக்கம்பியால் ஒரு முறுக்கு. அதற்குள் மாட்டிக்கொண்ட மண் இன்னும் சுகமாக அரைக்கும்.

இன்னொரு தப்பும் நடக்கிறது. அதைத்தான் நான் பெரிய தப்பு என்பேன். ஏற்கெனவே ஆட்டம் கொடுத்துவிட்ட ஜாயின்ட்டுக்குப் புது பூட்டை மாட்டி, கறுப்பாகப் பளபளவென்று காட்டி அனுப்புவது. கிழிந்த பூட் உள்ள செத்த ஜாயின்ட்டையாவது அடுத்த மெக்கானிக் பார்த்துச் சொல்லிவிடுவான். புது பூட் போட்ட செத்த ஜாயின்ட்டை ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆகவே பூட் மாற்றுவதா, ஜாயின்ட்டே மாற்றுவதா என்பதைக் கை வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே லிவர் கொடுத்து நெம்பு. கீழ் ஜாயின்ட் ஆட்டம் தெரியும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட். ஒருவர் ஸ்டீரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் அசைக்க, இன்னொருவர் மூட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூடக் கைக்குத் தெரியும். வெடிப்பு புதுசு, ஆட்டம் இல்லை, குண்டில் துரு இல்லை என்றால் தாராளமாக பூட் மட்டும் மாற்றலாம். ஆட்டம் இருந்தாலோ துருக்குழி இருந்தாலோ ஜாயின்ட்தான். லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஓடிய டாக்ஸி என்றால் நானே "பூட் வேணாம் சார், ஜாயின்ட்டே போட்டுடுங்க" என்றுதான் சொல்வேன்.

பூட் மட்டும் மாற்றும்போதும் அவசரம் கூடாது. ஜாயின்ட்டைப் பிரிக்கக் கவட்டை ஆப்பை வைத்து அடித்தால் நல்ல பூட்டும் கிழியும். புல்லர் வைத்துப் பிரிப்பதுதான் முறை. பழைய கிரீஸைத் துணியால் துடைக்க வேண்டும். பெட்ரோலிலும் டீசலிலும் கழுவி, அந்த ஈரத்தோடு புது ரப்பரை மாட்டினால் அது ஊறிப்போகும். கிரீஸை அமுக்கி அமுக்கித் திணித்தாலும் தப்பு, பூட் உப்பி வெடிக்கும். ஸ்பிளிட் பின் பழசையே நிமிர்த்திப் போடக்கூடாது, புதுசுதான். ஆக்சில் பூட் என்றால் கிட்டோடு வருகிற மாலிப்டினம் கிரீஸ் பாக்கெட் முழுசும் அந்த ஜாயின்ட்டுக்குத்தான். பாதியை அடுத்த வண்டிக்கு மிச்சம் பிடிப்பது பழைய பழக்கம், அதை நாமாவது விட வேண்டும். ராக் பூட் மாற்றினால் டை ராட் எண்டைக் கழற்ற வேண்டியிருக்கும். எத்தனை சுற்று கழற்றினோம் என்று எண்ணி வைத்துக்கொண்டாலும், கடைசியில் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.

"இதெல்லாம் ரொம்ப ஓவர்" என்று நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. பிரிட்டனில் கார்களுக்கு எம்.ஓ.டி. என்று வருடாந்திரச் சோதனை இருக்கிறது. 2018 மே 20 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, பால் ஜாயின்ட் பூட் சேதமாகியிருந்தால் சிறு குறை என்று எழுதித் தருவார்கள். மண்ணைத் தடுக்க முடியாத அளவுக்குக் கிழிந்திருந்தாலோ பூட்டே இல்லாவிட்டாலோ அது பெரிய குறை, வண்டி ஃபெயில். ஜாயின்ட் நன்றாக இருந்தாலும் ஃபெயில்! நாம் எஃப்.சி.க்குப் போகும்போது பெயின்ட் அடிக்கிறோம், ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். வண்டியை மேலிருந்து மட்டும் பார்க்கிற பழக்கம் நமக்கு. 2023 ஜூலையில் மாருதி கம்பெனி எஸ்-பிரஸ்ஸோ, ஈக்கோ வண்டிகளில் 87,599-ஐ டை ராட் குறைக்காகத் திரும்ப அழைத்தது. அந்த ஒரு பாகம் உடைந்தால் வண்டி கைக்கு அடங்காது என்று தெரிந்ததால்தான் அழைத்தார்கள். தயாரிப்பில் குறை இருந்தால் கம்பெனியிலிருந்து கடிதம் வரும். தேய்ந்து போனால் கடிதம் போட யாரும் இல்லை. நம்மைப் போன்றவர்கள்தான் குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

நாம் குனிகிறோமா? நம் லேபில் பால் ஜாயின்ட் கட் செக்‌ஷன் மாடல் இருக்கிறது. குண்டு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பூட்டை அறுத்து எடுத்திருக்கிறார்கள். அதாவது நாம் படிக்கிற ஜாயின்ட்டுக்கே பூட் கிடையாது! பரீட்சையில் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கும்போது இரண்டு வளைவுக் கோடு போட்டு 'பூட்' என்று எழுதுகிறோம். எழுதாவிட்டால் அரை மார்க் போகும், அவ்வளவுதான். நம் ஆசிரியர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. அக்கர்மேன் ஸ்டீரிங் கணக்கை அவர்கள் சொல்லித் தந்த மாதிரி யாரும் சொல்லித் தர முடியாது. ஆனால் மூன்று வருஷத்தில் ஒரு தடவையாவது, ஓடுகிற ஒரு வண்டிக்கு அடியில் படுத்து, பூட் மடிப்பை விரித்து, "இது தேறும், இது தேறாது" என்று சொல்லிப் பழகுகிற ஒரு பிராக்டிகல் வேண்டும் என்று துறைத்தலைவர் அவர்களை இந்த மலர் வாயிலாகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அது வரும்போது வரட்டும். பேரவைக்கு நான் வைக்கும் கோரிக்கை வேறு. ஆயுத பூஜைக்கு ஊரில் உள்ள எல்லா வேனும் குளிக்கும், சந்தனம் குங்குமம் வைத்துக்கொள்ளும், வாழைக்கன்று கட்டிக்கொள்ளும். அதற்கு முந்தின வாரம், ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன்களை மட்டும் நம் ஒர்க் ஷாப் முன்னால் வரச் சொல்லி, இலவசமாக பூட் பார்த்துத் தருவோம். ரிப்பேர் செய்ய வேண்டாம். செய்தால் "பசங்க எங்க பொழப்புல மண்ணைப் போடறாங்க" என்று மெக்கானிக் அண்ணன்கள் வருத்தப்படுவார்கள். பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மட்டும் கொடுப்போம். சீட்டில் மூன்றே கட்டம்: நன்றாக இருக்கிறது, வெடிப்பு இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது. எந்தச் சக்கரம் என்று எழுத ஒரு வரி. அதன் மேலே கொட்டை எழுத்தில் 'ஸ்டீரிங் மூட்டு ரப்பர்' என்று அச்சடிப்போம். பூட் என்று போட்டால் மறுபடியும் கயிறு கட்டிவிடுவார்கள்!

இரண்டு ஜாக், நாலு ஸ்டாண்டு, ஒரு லிவர் போதும், எல்லாம் நம் லேபிலேயே இருக்கிறது. இரண்டாம் ஆண்டு நண்பர்கள் விருப்பமிருந்தால் எங்கள் வகுப்புப் பிரதிநிதியிடம் பெயர் கொடுக்கலாம். சிவில், எலக்ட்ரிக்கல் நண்பர்களும் வரலாம், சீட்டு எழுத ஆள் தேவை. பழைய சட்டையும் ஒரு டார்ச் லைட்டும் அவரவர் கொண்டு வரவும்.